பதினேழாம் துண்டு போன இடம்

அடுத்தவர் மூக்கிலிருந்து வருவதை வைத்துப் பிழைக்கும் தொழிலில் மரியாதை கம்மி, பயம் ஜாஸ்தி.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு சோதனைக்கூடத்தில் டெக்னீஷியன். காய்ச்சல், இருமல் என்று வருகிறவர்களின் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்த சாம்பிள்கள் எங்களிடம் வரும். அதில் கொரோனா இருந்தால், அந்த வைரசின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். போன மாதம் இருந்த மாதிரியே இருக்கிறதா, எங்காவது மாறியிருக்கிறதா என்று பார்த்து மேலே சொல்ல வேண்டும். மாறாமல் இருந்தால் எங்களை யாரும் கேட்க மாட்டார்கள். மாறியிருந்தால் முதலில் எங்கள் கையைத்தான் சந்தேகப்படுவார்கள். சளி, ரத்தம், சிறுநீர் என்று எந்த மூலையில் எந்தக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாலும் சரி, என் இனத்தவரே, உங்களுக்கு இது புரியும். மற்றவர்கள் கையைக் கழுவிவிட்டுப் படியுங்கள்.

இன்னும் விடவில்லையா?

என் வீடு தியாகதுருகத்தில். அங்கே கோவிந்தன் சலூனுக்கு ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போனால், யாராவது ஒருவர் "ஆஸ்பத்திரியில இன்னா வேலை?" என்று கேட்பார். டெக்னீஷியன் என்று சொன்னால் போதும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுகர் அளவைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். இந்தத் தொல்லை தாங்காமல் ஒருநாள், கழுத்தில் துண்டு கட்டிய நிலையிலேயே, முழுசாக விளக்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

வைரசின் மரபணு கிட்டத்தட்ட முப்பதாயிரம் எழுத்து நீளம். அதை ஒரே இழுப்பில் படிக்க முடியாது. முழுக் கரும்பை அப்படியே வாயில் வைக்கிறோமா, நறுக்கித்தானே தின்கிறோம். அது மாதிரி முப்பது துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஏகப்பட்ட நகல் எடுத்து, இயந்திரத்தில் விட்டுப் படித்து, பிறகு வரிசையாகக் கோர்க்க வேண்டும். இயந்திரம் ஸ்டேப்ளர் அளவுதான் இருக்கும், லேப்டாப்பில் செருகிக்கொள்ளலாம். முப்பது துண்டும் கிடைத்தால் வைரஸ் முழுசாகக் கிடைத்த மாதிரி. ஒன்று குறைந்தாலும் ரிப்போர்ட்டில் ஓட்டை.

கடையில் ஐந்து பேர் இருந்தார்கள். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்கள். இவ்வளவு மரியாதையாக என் வேலையைப் பற்றி என் வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை, எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கோவிந்தன் மட்டும் கத்தரியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதுவே நம்மள வுட்டுட்டுப் போயிட்ச்சு. நீ இன்னும் அத வுடலியாப்பா?"

மடியில் ஒரு பெட்டி

கல்வராயன் மலை சாம்பிள்களை எடுத்துக்கொண்டு வருவது தனக்கொடி. வெள்ளிமலைப் பக்கம் காய்ச்சல் முகாம்களில் வேலை பார்க்கும் நர்ஸ், அதுவும் தற்காலிகப் பணி. அவ்வப்போது ஆர்டர் போட்டு நீட்டினால்தான் வேலை உண்டு. வாரத்துக்கு ஒரு நாள், சேர்ந்த சாம்பிள்களைத் தடுப்பூசி கொண்டுபோகும் நீலப் பெட்டியில் அடுக்கி, நான்கு பக்கமும் நான்கு ஐஸ்பேக் செருகி, பஸ்ஸில் அவரே கொண்டுவருவார். பெட்டியைச் சீட்டுக்கடியில் தள்ள மாட்டார், மேலே ஏற்ற மாட்டார். மடியில்தான் வைத்துக்கொள்வார். வளைவுகளில் பஸ் சாயும்போது எல்லோரும் கம்பியைப் பிடித்தால் இவர் பெட்டியைப் பிடித்துக்கொள்வாராம், கண்டக்டரே சொல்லியிருக்கிறார்.

பக்கத்து சீட்டுக்காரர்கள் மீனா, ஐஸ்கிரீமா என்று விசாரிப்பார்கள். உள்ளே இருப்பதைச் சொன்னால் பாதி வழியில் பஸ் காலியாகிவிடும். அதனால் "கவர்மென்ட் சாமான்" என்று மட்டும் சொல்வார். பலாப்பழக் காலத்தில் அந்த கவர்மென்ட் சாமான் மேலேயே பழத்தை வைத்துவிட்டுத் தூங்கப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டேதான் மலை இறங்குவார்.

ஒரு வாரம் பெட்டியைத் திறந்தால் மூன்று ஐஸ்பேக்தான் இருந்தது. நான்காவது எங்கே என்று அதட்டினேன். என் குரலே அப்படி, சாதாரணமாகப் பேசினாலும் அதட்டல் மாதிரிதான் இருக்கும். தனக்கொடி எதையும் ஒளிக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே நான் பதிவேட்டில் 'ஐஸ்பேக் ஒன்று குறைவு' என்று எழுதினேன். காரணத்தை எழுதவில்லை.

"கச்சிராயபாளையத்துகிட்ட பிரேக் போட்டதுல ஒரு கொழந்த கம்பியில இடிச்சிக்கிச்சி சார். நெத்தி பொடைச்சிக்கினு அழுவுது. மடியில ஐஸ வச்சிக்கினு நான் சும்மா பாத்துக்கினு வர முடியுமா?"

தண்ணீருக்கு வந்த கொரோனா

அடுத்தவரை அதட்டுகிற நான் என்ன யோக்கியன் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறை இயந்திரத்தை ஓட்டும்போதும், அதை நாங்கள் ரன் என்போம், சாம்பிள்களோடு ஒரு குழாயில் வெறும் தண்ணீரும் வைப்போம். எல்லாப் படிகளையும் அந்தத் தண்ணீரும் தாண்டி வர வேண்டும். கடைசியில் அதில் ஒன்றுமே தெரியக் கூடாது. தெரிந்தால், எங்கோ ஒரு குழாயிலிருந்து துளி தெறித்து இன்னொரு குழாயில் விழுந்திருக்கிறது, அதாவது நம் கை சுத்தமில்லை என்று அர்த்தம்.

போன வருடம் ஒரு ரன்னில் என் தண்ணீருக்குக் கொரோனா வந்தது. லேசாக வந்திருந்தாலாவது சமாளித்திருப்பேன். முப்பது துண்டும் முழுசாக வந்தது. அன்று நோயாளிகளின் சாம்பிள்களில்கூட அவ்வளவு நன்றாக வரவில்லை. தண்ணீர்க் குழாயின் மூடியைத் திறந்த கையோடு போன் வந்ததும், மூடாமலே பேசியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எங்கள் பொறுப்பு மருத்துவர் மைதிலி மேடம் குரலை உயர்த்தியே நான் பார்த்ததில்லை. உயர்த்தினால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன். மொத்த ரன்னையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொன்னார். ரிப்போர்ட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"முருகேசன், தண்ணிக்கு இருமல் எத்தனை நாளா இருக்குன்னு கேட்டு எழுதிக்கிட்டீங்களா?"

தரை தட்டிய கோடு

இந்தப் பின்னணியோடு கேளுங்கள். இயந்திரம் படித்ததை ஒழுங்குபடுத்தி ரிப்போர்ட் ஆக்குவது ரிஸ்வான். கள்ளக்குறிச்சிக்காரர், நிதானமானவர், எதையும் இரண்டு தடவை பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். துண்டுகள் நன்றாகக் கிடைத்தால் கோடு மேட்டில் ஓடும், கிடைக்காவிட்டால் கீழே இறங்கும். அன்றைய ரன்னில் மலையிலிருந்து வந்தவை ஆறு சாம்பிள். ஆறு கோடும் பதினாறு வரை மேட்டில் ஓடி, பதினேழில் தரையைத் தொட்டு, பதினெட்டில் மறுபடி ஏறிக்கொண்டன. ஆறிலும் பதினேழாம் துண்டு மட்டும் அடியோடு இல்லை.

தண்ணீர் விவகாரம் ஆறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்னொரு பிசகு என் பெயரில் ஏறினால் என்னை இந்த மேசையிலிருந்து எடுத்துவிட்டு, சீட்டு எழுதும் கவுன்டரில் போட்டுவிடுவார்கள். என் கை தப்பு செய்யவில்லை என்று சொல்ல வேண்டுமென்றால் வேறு யார் கையாவது தப்பு செய்திருக்க வேண்டும். மலை சாம்பிள்களில் மட்டும்தானே ஓட்டை? பதிவேட்டைப் புரட்டினேன். 'ஐஸ்பேக் ஒன்று குறைவு' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அது வேறு வாரத்துப் பெட்டி. அதைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. மாத ரிப்போர்ட்டின் குறிப்புப் பகுதியில், மலை சாம்பிள்கள் போதிய குளிர் இல்லாமல் வந்து சேர்ந்ததால் பழுதுபட்டுள்ளன என்று ஒரு வரி எழுதி மேலே அனுப்பிவிட்டேன். நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்ததும் ரிஸ்வான் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தினார். அடுத்த வாரம் ஆய்வுக் கூட்டம். மலையில் சாம்பிள் எடுக்கும் மையம் தொடர வேண்டுமா, மூடிவிடலாமா என்று அதில்தான் முடிவெடுப்பார்கள். மையம் மூடினால் தனக்கொடியின் ஆர்டர் இந்த மாதத்தோடு முடிந்துவிடும். மலையில் என்ன காய்ச்சல் சுற்றுகிறது என்று பார்க்கவும் ஆள் இருக்காது. எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எழுதும்போது தெரியாதது போல இருந்துவிட்டேன். இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

"எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ணே."

ஐஸைப் பற்றி ஒரு கேள்வி

எழுதிய வரி என்னைவிட வேகமாகப் பயணம் செய்தது. இரண்டு நாள் கழித்து, பெட்டி வரவேண்டிய நாள் இல்லாமலே தனக்கொடி வந்து நின்றார். கையில் பெட்டி இல்லை, ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நோட்டை மேசையில் விரித்தார். வெள்ளிமலையில் பெட்டியை மூடும்போது எத்தனை டிகிரி, கச்சிராயபாளையத்தில் பஸ் நிற்கும்போது எத்தனை, எங்கள் வாசலில் எத்தனை என்று ஒவ்வொரு வாரமும் எழுதி வைத்திருந்தார். இப்படி எழுதச் சொல்லி யாரும் சொன்னதில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும், சொன்னதில்லை.

அந்த ஆறு சாம்பிள் வந்த வாரத்தில் நான்கு ஐஸ்பேக்கும் இருந்தது, குளிரும் சரியாக இருந்தது. பதில் சொல்லத் தெரியாதபோது நம் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அவருக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு, ரிஸ்வானின் திரையைக் காட்டி, இது பதினாறு, இது பதினேழு, இது பதினெட்டு என்று பாடம் நடத்தினேன்.

தனக்கொடி ஆறு கோட்டையும் விரலால் தொட்டுக்கொண்டே பார்த்தார். ஒவ்வொன்றிலும் விரல் பதினேழில் நின்றது. கடைசிக் கோடு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

"ஐஸு உருகுனா மொத்தமும்தான சார் கெடும்? ஆறு பேரு சாம்பிள்லயும் அதே ஒரு எடத்த மட்டும் தேடிப் புடிச்சி எப்பிடிங்க கெடுக்கும்?"

அப்படியானால் என் கை

குளிர் போதாமல் கெட்ட சாம்பிள் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றில் இங்கே அறுந்திருக்கும், இன்னொன்றில் அங்கே. மழையில் நனைந்த பேப்பர் எல்லாப் பிரதியிலும் ஒரே வரியில் கிழிவதில்லை. இவ்வளவு வருடம் வேலை பார்த்தவனுக்கு இது ஏன் தோன்றவில்லை என்றால், தோன்ற வேண்டாம் என்று இருந்தேன், அவ்வளவுதான்.

பெட்டி தப்பித்துவிட்டது, இனி மாட்டுவது நான். மறுநாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். புதுக் குழாய், புது மருந்து, புதுக் கையுறை. போனை ரிஸ்வானிடம் கொடுத்துவிட்டு, அவரையே பக்கத்தில் நிற்க வைத்து ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். அவர் சொல்ல நான் செய்தேன். வெட்கத்தை எல்லாம் ஓரம் கட்டிவிட்டேன். சமவெளி சாம்பிள்களும் மலை சாம்பிள்களும் ஒரே தட்டில், ஒரே கையால், ஒரே நேரத்தில் ஏறின.

முடிவு வந்தது. தண்ணீர் சுத்தம். சமவெளி சாம்பிள்களில் முப்பதும் இருந்தன. மலை சாம்பிள் ஆறிலும் இருபத்தொன்பதுதான். பதினேழைக் காணோம். நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். ரிஸ்வான் கோடுகளை இரண்டாம் முறையும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

"அண்ணே, உங்க கையி மலைக்காரங்கள மட்டும் பிரிச்சிப் பாக்குமா இன்னா?"

கரும்புத் தோட்டத்துக்கு ஒரு போன்

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் மூங்கில்துறைப்பட்டிலிருந்து வந்த ஒரு சாம்பிளிலும் பதினேழு இல்லை என்று தெரிந்தது. அது தனக்கொடியின் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சுகாதாரத் துறை ஜீப்பில் வேறு வழியாக வந்தது. மைதிலி மேடம் சாம்பிளோடு வந்த சீட்டைக் கொடுத்து, அந்த ஆள் சமீபத்தில் எங்கே போய்வந்தார் என்று கேட்கச் சொன்னார்.

ஆள் பெயர் வெள்ளையன். போனை எடுத்தபோது பின்னால் கரும்பு வெட்டும் சத்தம் கேட்டது. உடம்பு எப்படி என்று கேட்டேன். இரண்டு நாள் தொண்டை கட்டியிருந்தது, இப்போது ஒன்றுமில்லை, வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். சொந்த ஊர் எது என்றேன். வெள்ளிமலைக்குப் பக்கத்தில்தான் என்றார். கரும்பு வெட்டுக்காகத் தன் கூட்டத்தோடு இறங்கி இரண்டு வாரம் ஆகிறதாம். கிளம்புவதற்கு முன் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சலாம். தனக்கொடி எடுத்த ஆறு சாம்பிளில் இரண்டு அவர் ஊர்க்காரர்களுடையது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐஸ் இல்லை, என் கை இல்லை, அந்த ஊர் வைரசிலேயே ஏதோ மாறியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். "உங்க சாம்பிள்ல பதினேழாவது துண்டு மட்டும் இல்லீங்க" என்று வெள்ளையனிடமே சொல்லிவிட்டேன். வெட்டும் சத்தம் நின்றது. பயந்துவிட்டாரோ என்று நானும் பயந்தேன். அவர் யோசித்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னார்.

"ஒண்ணு இல்லன்னா போவட்டும் வுடு சார். மீதி இருக்குதில்ல?"

உட்காரும் இடம்

நடந்தது இதுதான். ஒவ்வொரு துண்டையும் நகல் எடுக்க, அது தொடங்கும் இடத்தில் ஒரு சின்னத் தொடுப்பு போய் உட்கார வேண்டும். அதற்குப் பெயர் பிரைமர். அந்த இடத்தில் இன்ன எழுத்துகள் இருக்கும் என்று பழைய வைரசைப் பார்த்துத்தான் அதைச் செய்திருப்பார்கள். வைரஸ் ஒவ்வொரு ஆளிடமும் பெருகும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து மாறும். மாறுவது வேறு இடமாக இருந்தால் நாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பிரைமர் உட்காரும் இடமே மாறிவிட்டால், அது உட்காராது, துண்டு நகலாகாது. வைரஸ் முழுசாகத்தான் இருக்கும், நமக்குத்தான் ஓட்டை தெரியும்.

எனக்கு வந்த சந்தோஷம் மேடத்துக்கு உடனே வரவில்லை. அவருடைய கவலை வேறு. தொற்று இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் முதல் சோதனையும் இந்த இடத்தை நம்பியே இருந்தால், மலையில் இருக்கிற நோயை இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்போம். சோதனையின் விவரத்தாளை வரி வரியாகப் பார்த்தார். அது தேடுவது வேறு இரண்டு இடங்களை. பிறகு சென்னையில் ஒரு பெரிய கூடத்தில் பேசி, கொஞ்சம் தள்ளி உட்காரும் வேறு பிரைமர் வரவழைத்தார். ஏழு சாம்பிளையும் அதை வைத்து ஓட்டினேன். பதினேழாம் துண்டு ஏழிலும் வந்து உட்கார்ந்தது. பழைய பிரைமர் உட்காரும் இடத்தில், சரியாக அங்கேயே, இரண்டு எழுத்து மாறியிருந்தன. முகாம் பதிவேட்டையும் பார்த்தோம். அந்த ஊர்களில் யாருக்கும் காய்ச்சல் முற்றவில்லை, எல்லோரும் எழுந்து வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்து மூச்சு விட்டார். ரிஸ்வான் டீ சொன்னார். எனக்கு ஒரு வாரமாகக் கழுத்தில் இருந்த கனம் இறங்கியது. இறங்கிய இடத்தில் இன்னொரு நினைப்பு ஏறியது. நான் எழுதிய வரி இன்னும் மேலே அப்படியே இருந்தது, கூட்டத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது. தயங்கித் தயங்கி அதை மேடத்திடம் சொன்னேன். அந்த வரியை எடுத்துப் படித்தார்.

"வைரசுக்கு மெமோ குடுக்க வழியில்ல முருகேசன். உங்களுக்குக் குடுக்க வழியிருக்கு. டீயைக் குடிச்சிட்டு உக்காந்து வேற வரி எழுதுங்க."

மலை ஏறிய காகிதம்

எழுதினேன். சாம்பிள் கொண்டுவந்ததில் குறை ஏதும் இல்லை, முந்தைய குறிப்பு தவறு, எழுதியது நான், என்று மூன்றாவது முயற்சியில்தான் ஒழுங்காக வந்தது. முதல் இரண்டிலும் 'எழுதியது நான்' என்பது எப்படியோ விடுபட்டுப் போயிருந்தது. ஏற்கெனவே அனுப்பிய குறிப்பைத் திரும்பப் பெற என் கையெழுத்து, மேடம் கையெழுத்து, அதற்கு மேலே ஒருவர் கையெழுத்து. மேலே இருந்தவர் வெளியூர் போயிருந்தார். கூட்டத்தன்று காலையில் அவர் வந்து இறங்கிய வாசலிலேயே வாங்கினேன்.

கூட்டத்தில் என்னைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். மலையின் முறை வந்தபோது மேடம் எழுந்து, இந்த மாற்றத்தை நாம் பார்த்ததே மலையில் மையம் இருந்ததால்தான், பெட்டி ஒழுங்காக வந்ததால்தான் ஓட்டை வைரசுடையது என்று சொல்ல முடிந்தது என்றார். தனக்கொடியின் நோட்டு கைக்குக் கை மாறியது. மையம் தொடரும், ஆர்டரும் நீட்டிக்கப்படும் என்று எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்தவர் ஏசியைக் குறைக்கச் சொல்லலாமா என்று கேட்டார்.

ஆர்டர் நகலைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். போனிலும் சொல்லியிருக்கலாம். நானே எடுத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். இத்தனை வருடத்தில் அந்தப் பெட்டி வரும் வழியை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வளைவுகளில் கம்பியைப் பிடித்தும் பிடி கிடைக்காமல் பக்கத்திலிருந்தவர் மேல் இரண்டு முறை விழுந்தேன். மடியில் ஒரு பெட்டியும் இருந்திருந்தால் அதுவும் அவர் மேல்தான் விழுந்திருக்கும்.

தனக்கொடி முகாமில் இருந்தார், வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர். நானும் கடைசியில் நின்றேன். என் முறை வந்ததும் காகிதத்தைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை படிக்கும்போது உதடு அசைந்தது. மடித்துப் பையில் வைத்துவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்பு என்னுதும்மா. என் கையக் காப்பாத்திக்க உன் கையக் காட்டிட்டேன்" என்று சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு இன்னும் நீளமானது, பாதி மறந்துவிட்டது. அவர் அதற்குச் சிரிக்கவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. அடுத்து நின்றவருக்காகப் புதுக் குச்சியைப் பிரித்துக்கொண்டே சொன்னார்.

"இனிமே ஒரு துண்டு காணோம்னா மொதல்ல வைரஸ கேளுங்க சார். அது இல்லன்னு சொன்னா அப்பால எங்கள கேளுங்க."

தன் எழுத்தை மாற்றிக்கொள்ள வைரசுக்கு ஒரு தும்மல் போதும், நான் எழுதிய ஒரே ஒரு வரியை மாற்ற மூன்று கையெழுத்தும் ஒரு மலைப் பயணமும் தேவைப்பட்டன.